உடம்பு கேட்ட அவகாசம்

ஹரித்வார்
19 ஜனவரி 2025

சோனியாவுக்கு,

பொங்கலன்று நீ போன் செய்தபோது வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. என்னோடு தங்கியிருக்கிற சலீம் அப்போது அறையில் இருந்தான். அவன் இல்லாவிட்டாலும் எடுத்திருப்பேனா என்று தெரியவில்லை. இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நான் சத்தம் போடுகிறேன், நீ வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். தமிழில் எழுதினால் உன் அம்மா வீட்டார் கையில் கிடைத்தாலும் அவர்களால் படிக்க முடியாது என்பதும் ஒரு வசதி.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நமக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. ஊரார் பார்க்க நடந்ததே தவிர, நமக்குள் அது நடக்கவில்லை. சித்தப்பா ஜம்புநாதன் தென்காசியில் ஒரு வக்கீலைப் பார்த்திருக்கிறார். இப்படிப்பட்ட கல்யாணத்துக்கு விவாகரத்து கூட வேண்டாமாம், செல்லாது என்றே கோர்ட்டில் கேட்கலாமாம். நீ சம்மதித்தால் வேலை சுலபமாக முடியும் என்கிறார்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் குற்றம் சாட்ட விரும்பவில்லை. உனக்கு என்னைப் பிடிக்கவில்லை. பிடிக்காமல் போவது யாருக்கும் நடக்கும். நான் கிட்டே வந்தாலே உன் உடம்பு பலகையாகிவிடும். கண்ணை இறுக மூடிக்கொள்வாய். அதைப் பார்த்த பிறகு ஒருவனுக்கு வேறென்ன தோன்றும்? கடைசியாகச் சண்டை போட்ட அன்று, நான் என்ன கிருமியா என்று கேட்டேன். நீ குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாய். அதையே பதிலாக எடுத்துக்கொண்டேன். மறுநாள் கம்பெனியில் ஹரித்வார் மருந்து ஆலையின் லேபுக்கு ஆள் கேட்டபோது நானே கையைத் தூக்கினேன்.

உன் முடிவை எழுது.

பரமசிவம்

பின்குறிப்பு: கேஸ் பதிவு என் நம்பரில்தான் இருக்கிறது. சிலிண்டர் தீர்ந்தால் சொல். இங்கிருந்தே பதிந்துவிடுகிறேன்.


பிம்ப்ரி
2 பிப்ரவரி 2025

உங்களுக்கு,

சிலிண்டர் இன்னும் இருக்கிறது. ஒரு ஆளுக்கு எவ்வளவு செலவாகிவிடும்.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று உடனே எழுதியிருந்தால் சரி என்று எழுதியிருப்பேன். அவ்வளவு கோபம். இங்கே புனேயில், கட்கி தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவது வரைக்கும் படித்த தமிழ் எனக்கு. உங்கள் கையெழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்கவே பாதி சாயங்காலம் போய்விட்டது. முடித்தபோது "பிடிக்கவில்லை" என்ற சொல்தான் கண்ணில் நின்றது. அதை எனக்குப் பதிலாக நீங்களே எப்படி எழுதினீர்கள்? என்னிடம் ஒரு தடவையாவது கேட்டீர்களா?

குளியலறையில் நான் ஏன் தாழ் போட்டுக்கொண்டேன் என்று சொல்கிறேன். வலி. கத்தியை வைத்து அழுத்துவது போல வலி. நீங்கள் நிறுத்திய பிறகும் அது போகவில்லை. உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து அழுதேன். வெளியே கேட்கக் கூடாது என்று குழாயைத் திறந்து விட்டேன். வலிக்கிறது என்று நான் சொன்ன போதெல்லாம் நீங்கள் அதைச் சாக்கு என்று நினைத்தீர்கள். சிஞ்ச்வாடில் போய்ப் பார்த்தோமே அந்த லேடி டாக்டர், அவரும் பயத்தை விடு, ரிலாக்ஸ் செய் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பிறகு யாரிடம் சொல்ல?

நீங்கள் போன பிறகு ஒருநாள் ஆஸ்பத்திரியில், பில்லிங் கவுண்டரில், காரணமே இல்லாமல் அழுதுவிட்டேன். பக்கத்து சீட் தீப்தி என்னை கேன்டீனுக்கு இழுத்துப் போய் உட்கார வைத்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லவில்லை. பாதிதான் சொன்னேன். மீதியை அவளே புரிந்துகொண்டாள். அவளுடைய அக்காவுக்கும் இப்படி இருந்ததாம். பாணேரில் ப்ரியம்வதா என்று ஒரு சைக்காலஜிஸ்ட் இருக்கிறார், அவரைப் பார் என்றாள்.

போனேன். நான் பேசப் பேச அவர் ஒரு தடவை கூட ஆச்சரியப்படவில்லை. முடித்ததும், இதற்குப் பெயர் இருக்கிறது என்றார். வஜைனிஸ்மஸ். உடம்பு வலியை எதிர்பார்த்துத் தன்னால் இறுகிக்கொள்கிறது. இறுகுவதால் வலிக்கிறது. வலித்ததால் அடுத்த தடவை இன்னும் முன்னதாகவே இறுகுகிறது. கண்ணில் தூசி விழப்போனால் இமை மூடுமே, அது மாதிரி. நாம் சொல்லி மூடுவதில்லை, வேண்டாம் என்றாலும் மூடும். பிடித்தவர், பிடிக்காதவர் என்று அதற்குத் தெரியாது.

இது சரியாகக் கூடியது என்றும் சொன்னார். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஔந்த் வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தேன். பைத்தியம் என்று யாராவது நினைத்திருப்பார்கள்.

கையெழுத்துப் போடச் சொன்னால் போடுகிறேன். ஆனால் உங்களைப் பிடிக்காததால் என்று எங்கேயும் எழுதக் கூடாது. அது உண்மையில்லை.

சோனியா


ஹரித்வார்
11 பிப்ரவரி 2025

சோனியாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று இடத்தில் வைத்துப் படித்தேன். ஆலைக் கழிவறையில், கேன்டீனுக்குப் பின்னால், கடைசியில் கங்கைக் கரையில். எங்கேயும் நிம்மதியாகப் படிக்க முடியவில்லை.

முதலில் கோபம்தான் வந்தது. தீப்திக்குத் தெரியும். தீப்தியின் அக்காவுக்குத் தெரியும். பாணேர் டாக்டருக்குத் தெரியும். அந்த டாக்டரின் பெயரைப் போட்டுத் தேடினேன். ஏதோ பல்கலைக்கழகத்துக்காக இந்த விஷயத்தில் ஆராய்ச்சி செய்கிறார் என்று வந்தது. அப்படியென்றால் நம் படுக்கையறை ஒரு ஆராய்ச்சியில் இருக்கிறதா? நான் செய்ததும் செய்யாததும் எங்கேயோ பதிவாகிறதா? எங்கள் லேபில் வருகிற ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஒரு எண் கொடுத்து அலமாரியில் வைப்போம். நானும் அப்படி ஒரு அலமாரியில் இருக்கிறேனா?

இதை எழுதிவிட்டு ஒருநாள் அப்படியே வைத்திருந்தேன். கிழித்துப் போடலாமா என்றும் யோசித்தேன். கிழிக்கவில்லை. கோபப்பட்டது உனக்குத் தெரியட்டும்.

ஒன்று கேட்கிறேன். கத்தி போல என்று எழுதியிருக்கிறாய். உண்மையிலேயே அவ்வளவு வலித்ததா? நீ முகத்தைத் திருப்பியதை நான் அருவருப்பு என்று நினைத்தேன். வலி என்று தெரிந்திருந்தால் தொட்டே இருக்க மாட்டேன். சத்தியமாக.

கொஞ்சம் பொறுக்கும்படி சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். காரணம் கேட்டார். வேலை அதிகம் என்றேன்.

பரமசிவம்


பிம்ப்ரி
20 பிப்ரவரி 2025

அன்புள்ள உங்களுக்கு,

அவ்வளவு வலித்தது. ஆமாம்.

ஆராய்ச்சி பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். டாக்டர் முதல் நாளே கேட்டார், சேர விருப்பமா இல்லையா, சேராவிட்டாலும் சிகிச்சை அதேதான் என்று. சேர்ந்தேன். என் பெயர் எதிலும் இல்லை. எந்த நாளும் விலகிக்கொள்ளலாம். நீங்கள் வேண்டாம் என்றால், உங்களைப் பற்றி நான் சொன்னதை எடுத்துவிடுவதாக டாக்டர் சொன்னார். எடுக்கச் சொல்லிவிட்டேன். என்னைப் பற்றி நான் சொன்னது இருக்கும். அது என் உடம்பு. அதைச் சொல்ல எனக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இதில் நீங்கள் கோபப்பட்டால் படுங்கள்.

சேர்ந்தது ஏன் தெரியுமா? என்னைப் போல நிறைய பேர் இருக்கிறார்கள், யாரும் வாயைத் திறப்பதில்லை, அதனால் டாக்டர்களுக்கே சரியாகத் தெரிவதில்லை என்று அவர் சொன்னார். சிஞ்ச்வாட் டாக்டர் ஞாபகம் வந்தார். அடுத்து அவரிடம் போகிற பெண்ணுக்காவது வேறு பதில் கிடைக்கட்டுமே.

என்ன செய்கிறார்கள் என்று கேட்க நினைப்பீர்கள், கேட்க மாட்டீர்கள். நானே சொல்கிறேன். முதலில் மூச்சுப் பயிற்சி. பிறகு எந்தத் தசை இறுகுகிறது என்று கண்டுபிடித்து, அதை நானே இறுக்கி நானே தளர்த்தப் பழகுவது. பிறகு என் உடம்பை என் கையாலேயே, என் வேகத்தில், பயமில்லாமல் தெரிந்துகொள்வது. முதல் வாரம் கண்ணாடியில் பார்க்கச் சொன்னபோது பாத்திரம் தேய்க்க எழுந்து போய்விட்டேன். இப்போது அப்படி இல்லை. வலித்தால் நிறுத்த வேண்டும், தாங்கிக்கொள்ளக் கூடாது என்பதுதான் அங்கே முதல் விதி. தாங்கிக்கொள்ளாதே என்று ஒரு பெண்ணிடம் யாரும் சொல்லி நான் கேட்டதே இல்லை.

காரணம் என்ன என்று நானும் துருவினேன். ஏரவாடாவில் எங்கள் வீடு ஒரே அறை என்று உங்களுக்குத் தெரியும். நடுவில் ஒரு புடவையைக் கட்டித் தடுப்பு. அந்தப் பக்கம் ஆள் தூங்க, இந்தப் பக்கம் ஆடை மாற்ற வேண்டும். அசையாமல், சத்தம் வராமல், உடம்பைச் சுருட்டிக்கொண்டு வளர்ந்தேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் பெரியம்மா சொன்னது ஒரே வாக்கியம்தான், "பல்லக் கடிச்சிக்கோ, எல்லாருக்கும் அப்படித்தான்." இவற்றால்தானா என்று டாக்டரிடம் கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இதே மாதிரி வளர்ந்த பலருக்கு இது வருவதில்லை என்றார். குற்றவாளியைத் தேடி வருஷத்தை வீணாக்காதே என்றும் சொன்னார்.

சனிக்கிழமைகளில் நாங்கள் சிலர் சேர்ந்து உட்கார்ந்து பேசுவோம். அதில் ஜோசபின் என்று ஒரு அக்கா, ஏரவாடாவிலிருந்தே வருகிறார். கல்யாணமாகி எட்டு வருஷம். அவர் புருஷன் கூடவே வந்து கீழே டீக்கடையில் நிற்பார். முடிந்ததும் இருவரும் ஸ்கூட்டரில் ஏறிப் போவார்கள். ஜோசபின் அக்கா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறும்போது நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

டாக்டர் ஒருநாள், உனக்கு எது பிடிக்கும் என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். மழையில் லோனாவ்லாவுக்கு பைக்கில் போனோமே, உங்கள் ஜெர்கின் பாக்கெட்டுக்குள் என் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அது பிடித்தது. அந்தச் சாலை முடியக் கூடாது என்று இருந்தது. வீட்டுக்குப் போனால் ராத்திரி வந்துவிடுமே என்ற பயமும் கூடவே இருந்தது. இரண்டும் ஒரே உடம்பில் இருந்தன. முதலாவதை நான் உங்களிடம் சொன்னதே இல்லை.

சோனியா


ஹரித்வார்
6 மார்ச் 2025

அன்புள்ள சோனியா,

தாமதத்துக்குக் காரணம் உண்டு. பயப்படாதே, இப்போது நன்றாக இருக்கிறேன். நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். நீ பைக்கைப் பற்றி அவ்வளவு எழுதிய பிறகு நான் மறைத்தால் அது நியாயமில்லை.

போன வருஷம் மழைக்காலத்துக்குப் பிறகு எனக்கும் ஒன்று ஆனது. உன்னை நெருங்கும்போதே, இன்றைக்கும் முடியாது என்று மனசுக்குள் ஓடும். அப்படி ஓட ஆரம்பித்ததும் உடம்பு என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. உனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். நீ கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் சுலபமாக இருந்தது. பாதியில் கோபப்பட்டு எழுந்து போவேனே, அந்த நாட்களில் பலவற்றில் நடந்தது அதுதான். கோபம் ஒரு மறைப்பு. கிருமியா என்று கத்திய அன்றும் அப்படித்தான். உன் வலி உண்மை. என் பயமும் அன்று அங்கேதான் இருந்தது.

ரயிலில் போகும்போது சுவரெல்லாம் எழுதியிருப்பார்களே, ரகசிய நோய்க்கு மருந்து என்று. அப்படி ஒருவனிடம் போனேன். நாடி பார்த்தான். இளமையில் செய்த தவறு என்றான். ஒரு மண்டலம் சாப்பிட ஒரு பொடி கொடுத்தான். லேபிள் இல்லாத எதையும் கிடங்குக்குள் விடாத ஆள் நான். மருந்தைச் சோதிப்பதுதான் எனக்குப் பிழைப்பு. அந்தப் பொடியைப் பாலில் கலந்து கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். இங்கே வந்த பிறகும் கூரியரில் வரவழைத்தேன். என்றாவது திரும்பி வந்தால் உன் முன்னால் ஆண்பிள்ளையாக நிற்க வேண்டும் என்று. கோர்ட்டுக்குப் போகலாம் என்று உனக்கு எழுதிய அன்று காலையிலும் குடித்தேன். இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியவில்லை.

போன மாதக் கடைசியில் லேபுக்குப் போகிற படிக்கட்டில் தலை சுற்றியது. கண்ணுக்கு முன்னால் எல்லாமே நீலமாகத் தெரிந்தது. விழுந்துவிட்டேன். சலீம்தான் தூக்கிக்கொண்டு போனான். ரத்த அழுத்தம் மிகவும் இறங்கியிருந்தது. என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். நான் ஒன்றுமில்லை என்றேன். சலீம் அறைக்குப் போய் என் பெட்டியைத் திறந்து பொட்டலத்தோடு வந்தான். அவனிடம் நான் எதுவும் சொன்னதில்லை. தினமும் பாலில் கலப்பதைப் பார்த்திருக்கிறான்.

மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி, அந்தப் பொடியை எங்கள் லேபிலேயே சோதித்தோம். மூலிகை என்று எதுவும் பெரிதாக இல்லை. ஆண்மைக் குறைவுக்கு மருந்துக் கடையில் டாக்டர் சீட்டுக்குக் கொடுக்கிற மாத்திரையின் மருந்தையே அளவில்லாமல் கலந்திருக்கிறான்; கண்ணுக்கு நீலமாகத் தெரிந்ததும் அதனால்தான். சலீம் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பாமலே சொன்னான். "பாய், ஷரம் கீ பாத் நஹீன். டாக்டர் கே பாஸ் ஜா." வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை, டாக்டரிடம் போ என்று. அவ்வளவுதான். பிறகு வேறு பேச்சுக்குப் போய்விட்டான். அவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

உன் டாக்டர் ஆண்களிடமும் பேசுவாரா?

பரமசிவம்


பிம்ப்ரி
12 மார்ச் 2025

பரமு,

ஆஸ்பத்திரியில் படுத்திருந்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல், எல்லாம் முடிந்த பிறகு தபாலில் சொல்கிறீர்கள். உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால் எனக்கு யார் சொல்லியிருப்பார்கள்? சலீம் பாயிடம் என் நம்பராவது இருக்கிறதா? இல்லையென்றால் இன்றைக்கே கொடுங்கள்.

மிச்சப் பொடி இருந்தால் சாக்கடையில் கொட்டுங்கள்.

உங்களைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. இருட்டில் நான் கண்ணை மூடிக்கொண்டு என் பயத்தோடு கிடந்தேன், பக்கத்திலேயே நீங்கள் உங்கள் பயத்தோடு. ஒரு கட்டிலில் இரண்டு பேரும் தனித்தனியாக. யாராவது ஒருவர் வாயைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து நினைத்து அழுதேன்.

டாக்டரிடம் கேட்டேன். என்னைப் போல இருக்கிற மனைவிகளின் புருஷன்மாரில் பலருக்கு இது வரும் என்றார். வலி வருமோ என்று அவள் பயப்படுவது போல, தோற்றுவிடுவோமோ என்று அவன் பயப்படுகிறானாம். அவர் குழுவில் மாதவ் என்று ஒருவர் இருக்கிறார். ஆண்களிடம் பேசுகிறவர் அவர். போனிலேயே வீடியோவில் பேசலாம், ஹிந்தி போதும். அவர் நம்பரைத் தனியாக மெசேஜில் அனுப்புகிறேன். ஆராய்ச்சியில் சேர வேண்டிய கட்டாயம் இல்லை.

சாப்பிடுங்கள்.

சோனியா


பிம்ப்ரி
3 ஏப்ரல் 2025

பரமு,

போனில் உங்கள் அம்மா உங்களிடம் என்ன சொன்னார் என்று தெரியாது. நடந்ததை நான் எழுதிவிடுகிறேன்.

குடி பாட்வா, மராத்திக்காரர்களின் வருஷப் பிறப்பு. அன்று காலை எதிர் வீட்டு வாசலில் கம்பத்தை அலங்கரித்து நிறுத்திப் பூஜை நடந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்தால் அத்தையும் சித்தப்பா மாமாவும் பெட்டியோடு நிற்கிறார்கள். நீங்கள் இழுத்தடிக்கிறீர்கள் என்று மாமாவே கிளம்பி வந்துவிட்டார். காபி குடித்த கையோடு வக்கீல் எழுதிக் கொடுத்த தாள்களை மேஜையில் வைத்தார். நான் புருஷனோடு சேர்ந்து வாழ மறுத்தேன் என்று அதில் இருந்தது. படித்துக் காட்டினார். நானே படித்துக்கொள்வேன் என்று வாங்கிப் படித்தேன். கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன்.

மாமா சத்தம் போட்டார். பூனாப் பொண்ணு வேண்டாம்னு அன்னைக்கே சொன்னேன் என்றார். என் அப்பாவைப் பற்றியும் ஏதோ சொன்னார். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். அத்தை பின்னாலேயே வந்தார். அவரும் திட்டத்தான் வந்தார் என்று நினைத்தேன். தண்ணீர் எடுத்துக் குடித்துவிட்டு, உண்மையைச் சொல், வேறு யாரும் மனசில் இருக்கிறார்களா என்று கேட்டார்.

இல்லை என்றேன். பிறகு எனக்கே தெரியவில்லை எங்கிருந்து தைரியம் வந்ததோ, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என்னைப் பற்றி மட்டும். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். வலியைச் சொன்னேன், டாக்டரைச் சொன்னேன், பயிற்சியைக் கூடச் சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். அத்தை அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பமும் வலிக்கா?"

"முன்ன மாதிரி இல்ல அத்தை. கொறஞ்சிருக்கு."

"சரியாயிருமா?"

"ஆயிடும்னு சொல்றாங்க. எப்போன்னு யாரும் சொல்லல."

அத்தை அப்புறம் சொன்னார். "அப்பம் அவனை வரச்சொல்லு. நீ மட்டும் ஒத்தையில போய்க்கிட்டு இருந்தா என்னத்துக்கு ஆவும்? ரெண்டு பேருக்கும் உள்ளதுதான?"

அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. ஹாலுக்குப் போய், அந்தத் தாள்களை எடுத்து மடித்து மாமாவின் பெட்டியில் வைத்து, சாயங்கால வண்டிக்கு டிக்கெட் கிடைக்குமா பாருங்கள் என்றார். மாமா என்ன ஏது என்று கேட்டார். "பொம்பளையாளுக்கு உடம்புக்குச் சொகமில்ல. வைத்தியம் நடக்கு. நீரு சும்மா இரும்" என்றார். மாமா அப்புறம் என்னிடம் பேசவே இல்லை. போகும்போதும் பேசவில்லை. ஊரில் என்ன பேசுவாரோ, பேசட்டும்.

நீங்கள் மாதவிடம் பேசினீர்களா? நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டாலும் அவர் சொல்ல மாட்டார்.

சோனியா


ஹரித்வார்
20 ஏப்ரல் 2025

அன்புள்ள சோனியா,

அம்மா என்னிடம் சொன்னது இவ்வளவுதான், "ஏல, அந்தப் பிள்ளை ஒத்தையில கெடக்கா, நீ அங்க என்ன செய்யுத?" நான் போனை வைத்துவிட்டேன். பிறகு திரும்பக் கூப்பிட்டேன். என்னைப் பற்றியும் கொஞ்சம் சொன்னேன். அம்மாவிடம் அதைச் சொல்வது படிக்கட்டில் விழுந்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. அம்மா, சரி, அதுக்கும் பாரு என்றாள்.

சித்தப்பாவிடம், வழக்கு வேண்டாம், இனி இதைப் பற்றி யாரும் என் மனைவியிடம் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பெண்டாட்டிதாசன் என்றார். இருக்கட்டும்.

மாதவிடம் ஐந்தாறு தடவை பேசிவிட்டேன். முதல் தடவை, மொட்டை மாடியில் நின்றுகொண்டு, பெரும்பாலும் வானிலையைப் பற்றிப் பேசினேன். அவர் அவசரப்படவில்லை. இரண்டாவது தடவை கேட்டார், மனைவியைத் தொடும்போது கையில் என்ன தெரிகிறது என்று. ஒன்றும் தெரியாது, அடுத்து என்ன ஆகும் என்ற கணக்குதான் ஓடும் என்றேன். மற்ற ஆண்களும் அப்படித்தான் சொல்கிறார்களாம். பிறகு ஒரு விதி சொன்னார். சேர்ந்து இருக்க ஆரம்பித்தால், இரண்டு டாக்டர்களும் சரி என்கிற வரைக்கும் "அதை" முயற்சிக்கவே கூடாது. தடை. கையைப் பிடிக்கலாம், தலை கோதலாம், பேசலாம். உனக்குப் போதும் என்று பட்டால் போதும், எனக்குப் போதும் என்று பட்டாலும் போதும்.

தடை என்றதும் எனக்கு ஏமாற்றமாக இருக்க வேண்டும் அல்லவா? அன்று அறைக்கு வந்து, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

மாதவிடம் பயந்து பயந்து, கடைசிவரை முடியாமலே போனால் என்று கேட்டேன். அநேகம் பேருக்கு முடிகிறது, சிலருக்கு நாளாகிறது என்றார். அதற்குள் மற்றதையெல்லாம் நிறுத்தி வைத்துவிடாதே, பேச்சையும் தொடுகையையும் நிறுத்தியதுதான் உங்கள் இருவருக்கும் அதிகம் வலித்திருக்கிறது என்றார். நான் அவருடைய ஆராய்ச்சியில் சேர்ந்துவிட்டேன். எனக்கும் ஒரு எண் கொடுத்திருக்கிறார்கள். உன் எண் என்ன என்று கேட்கவில்லை.

பிம்ப்ரிக்கே திரும்ப மாற்றல் கேட்டிருந்தேன். வந்துவிட்டது. மே முதல் வாரம் கிளம்புகிறேன். ஆனால் உன்னைக் கேட்காமல் டிக்கெட் எடுக்க மாட்டேன். நீ வா என்றால் வருகிறேன். கொஞ்ச நாள் போகட்டும் என்றால், சலீமின் அண்ணன் சிஞ்ச்வாடில் இருக்கிறார், அங்கே தங்கிக்கொண்டு உன்னை வெளியே சந்திக்கிறேன், கல்யாணத்துக்கு முன்னால் பார்க்காத ஊரையெல்லாம் பார்ப்போம். வீட்டுக்கே வரச் சொன்னாலும், நீ நிம்மதியாகத் தூங்க வேண்டும். நான் ஹாலில் பாய் போட்டுக்கொள்கிறேன். எத்தனை நாளானாலும் சரி.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. அதையும் உன்னிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

உன்
பரமு


பிம்ப்ரி
28 ஏப்ரல் 2025

அன்புள்ள பரமு,

வாருங்கள்.

இந்த ஒரு சொல்லை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டாயத்துக்காக எழுதினேனா, யாருக்காவது பயந்து எழுதினேனா என்று. இல்லை.

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. வீட்டுக்காரர் கூரைக்கு வெள்ளை அடித்துக் கொடுத்தார், அதனால் உள்ளே பரவாயில்லை. போன சனிக்கிழமை புதிதாக ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு வயசுதான் இருக்கும், துப்பட்டா நுனியைப் பிசைந்துகொண்டே இருந்தாள். எனக்கு மட்டும்தான் இப்படி என்று மராத்தியில் சொல்லிவிட்டு அழுதாள். டாக்டர் எங்களைப் பார்த்தார். நான்தான் பேசினேன். உனக்கு மட்டும் இல்லை, எனக்கும் என்றேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள் பாருங்கள், அதை எழுத எனக்குத் தமிழ் போதாது. ஜோசபின் அக்கா, புருஷனுக்கு வாங்கி வைத்திருந்த வடா பாவ் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டார்.

பயிற்சியில் நான் எதிர்பார்த்ததைவிட முன்னால் வந்துவிட்டேன் என்று டாக்டர் சொல்கிறார். சில வாரம் பின்னால் போகும், அப்போது பயப்படாதே என்றும் சொல்லியிருக்கிறார். இரண்டையும் உங்களிடம் சொல்லி வைக்கிறேன். போன வாரம் ஒருநாள் பின்னால்தான் போனது. அழவில்லை. மறுநாள் திரும்ப ஆரம்பித்தேன்.

உங்கள் தடைக்கு நானும் சம்மதம். என் பக்கத்திலிருந்தும் ஒன்று. நான் முகத்தைத் திருப்பினால் நீங்களாக எதையும் முடிவு செய்யக் கூடாது. என்னவென்று கேளுங்கள். சொல்கிறேன். நீங்கள் கோபமாக எழுந்து போனால் நானும் கேட்பேன்.

சிஞ்ச்வாடில் போய்த் தங்க வேண்டாம். டிக்கெட் எடுத்துவிட்டு வண்டி நம்பரையும் பெட்டி நம்பரையும் எழுதுங்கள். அன்று மதியத்துக்கு மேல் லீவு சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு வருகிறேன். தீப்தி கவுண்டரைப் பார்த்துக்கொள்வாள்.

அப்புறம், ஹாலில் பாய் போட வேண்டாம். அங்கே ஃபேன் சத்தம் போடுகிறது. கட்டிலிலேயே படுங்கள், என் பக்கத்தில். சும்மா தூங்கத்தான். எனக்கு அதற்கு ஆசையாக இருக்கிறது.

சோனியா